பல்வங்கர் பாலு: 179 விக்கெட் எடுத்தவருக்கு கேப்டன் பதவி மட்டும் ஏன் கிடைக்கவில்லை?

சென்னையிலிருந்து சித்தூர், பலமனேர், முளபாகல் வழியாக பெங்களூருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய்ப் பாருங்கள். காலி மனை, பள்ளி மைதானம், அறுவடை முடிந்த வயல் என்று எங்கே பார்த்தாலும் டென்னிஸ் பந்து கிரிக்கெட் நடந்துகொண்டிருக்கும். அந்த ஆட்டங்களில் ஒரு எழுதாத சட்டம் உண்டு. நன்றாக ஆடுபவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கேப்டன் யார், பேட்டிங்கில் முதலில் இறங்குவது யார், பந்து முள்ளுக்குள் போனால் எடுத்துவர ஓடுவது யார் என்பதெல்லாம் ஆட்டத் திறமையை மட்டும் வைத்து முடிவாவதில்லை.

130 ஆண்டுகளுக்கு முன்பு புனேவில் ஓர் இளைஞர் இந்தச் சட்டத்தை நேருக்கு நேர் சந்தித்தார். அவர் பெயர் பல்வங்கர் பாலு. இடது கை சுழற்பந்து வீச்சாளர். இந்தியாவின் முதல் பெரிய பந்துவீச்சாளர் என்று கிரிக்கெட் வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்வது இவரைத்தான். தோல் வேலை செய்யும், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர்.

திறமை இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று நம் அலுவலகங்களில் அடிக்கடி கேட்கிறோம். பாலுவின் கிரிக்கெட் வாழ்க்கை இந்த நம்பிக்கைக்கு ஒரு நல்ல பரிசோதனை. காரணம், கிரிக்கெட்டில் திறமையை அளக்க எண்கள் இருக்கின்றன. அவருடைய எண்களில் குறையே இல்லை. அப்படியும் வந்தது எது, வராதது எது என்பதைப் பார்ப்போம்.

எண்களில் பாலு

• பிறப்பு: 1876, தார்வாட். இறப்பு: 1955 ஜூலை, பம்பாய்.
• முதல்தர ஆட்டங்கள்: 33. விக்கெட்டுகள்: 179. சராசரி: 15.21 ரன்.
• 1911 இங்கிலாந்து பயணம்: எல்லா ஆட்டங்களையும் சேர்த்து 114 விக்கெட்டுகள்.
• ஒரு தொடருக்கு முறையாக கேப்டனாக அறிவிக்கப்பட்டது: 0 முறை.

3 ரூபாய் சம்பளத்தில் தொடங்கிய வேலை

பல்வங்கர் என்பது கொங்கண் கரையில் உள்ள பல்வன் என்ற ஊரின் பெயரால் வந்த குடும்பப் பெயர். பாலுவின் அப்பா ராணுவத்தைச் சார்ந்து வேலை பார்த்தவர். அதனால் குடும்பம் புனேவுக்குக் குடிபெயர்ந்தது. ராணுவ முகாம் இருக்கும் ஊர் என்றால் வெள்ளைக்கார அதிகாரிகள் இருப்பார்கள். அதிகாரிகள் இருந்தால் கிரிக்கெட் இருக்கும். அவர்கள் தூக்கிப்போட்ட மட்டையிலும் பந்திலும்தான் பாலுவும் தம்பி சிவராமும் விளையாடப் பழகினார்கள். இளைய தம்பிகள் கண்பத், விட்டல் இருவரும் பின்னால் அதே வழியில் வந்தார்கள். நான்கு பேருமே பெரிய ஆட்டங்களில் ஆடியவர்கள்.

பாலுவின் முதல் வேலை பார்சிகள் நடத்திய ஒரு கிரிக்கெட் கிளப்பில். பிட்ச்சைப் பெருக்குவது, உருளை இழுப்பது. மாதச் சம்பளம் 3 ரூபாய். நேரம் கிடைக்கும்போது உறுப்பினர்களுக்கு வலைப்பயிற்சியில் பந்து போடுவார். அடுத்து, ஐரோப்பியர்களின் புனே கிளப்பில் வேலை கிடைத்தது. அங்கேயும் பிட்ச்சைத் தயார் செய்வது, கோடு போடுவது, வலை கட்டுவதுதான் வேலை. சம்பளம் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான்.

ஆனால் அங்கேதான் அவருடைய இடது கை எல்லோருடைய கண்ணிலும் பட்டது.

இடது கை சுழலில் அப்படி என்ன இருக்கிறது?

கிரிக்கெட் அதிகம் பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பெரும்பாலான பேட்ஸ்மேன்கள் வலது கைக்காரர்கள். வலது கை ஆஃப் ஸ்பின்னர் போடும் பந்து தரையில் பட்டதும் அவர்களுடைய உடம்பை நோக்கித் திரும்பும். இடது கை சுழலர் விரலால் சுழற்றும் பந்து அதற்கு நேர்மாறாக, உடம்பை விட்டு வெளியே போகும். விலகிப் போகும் பந்தைத் துரத்தினால் மட்டையின் விளிம்பில் பட்டு கேட்ச் ஆகலாம்; கிரீஸை விட்டு இறங்கினால் ஸ்டம்ப்பிங் ஆகலாம்.

பாலுவிடம் இந்த அடிப்படை ஆயுதத்தோடு துல்லியமும் வேக மாற்றமும் இருந்தன. மணிக்கணக்காக ஒரே இடத்தில் பந்தை இறக்க அவரால் முடிந்தது. கூடவே, உருளை இழுத்து பிட்ச்சைத் தயார் செய்தவரே அவர்தான். எந்த மண் எப்போது இளகும், எப்போது வெடிக்கும் என்பது அவருக்குக் கைரேகை மாதிரி தெரிந்திருக்கும் என்று ஊகிப்பது தவறாகாது.

நம் ஊரில் இடது கையை பீச்சாங்கை என்பார்கள். அந்தக் கையால் எதையாவது நீட்டினால் வீட்டுப் பெரியவர்கள் அதட்டுவார்கள். பாலுவுக்குச் சோறு போட்டதே அந்தக் கைதான்.

ஒரு விக்கெட்டுக்கு எட்டணா

புனே கிளப்பில் ஜே.ஜி.கிரெய்க் என்ற ராணுவ அதிகாரி இருந்தார். அன்றைய இந்தியாவில் இருந்த ஆங்கிலேய பேட்ஸ்மேன்களில் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். தினமும் மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து பாலுவைப் பந்து போடச் சொல்லிப் பயிற்சி எடுப்பார். தன்னை அவுட் ஆக்கும் ஒவ்வொரு முறையும் பாலுவுக்கு எட்டணா கொடுப்பார் என்ற செய்தி இன்றும் சொல்லப்படுகிறது.

அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எட்டணா என்றால் அரை ரூபாய். மாதத்துக்கு ஆறு முறை கிரெய்க்கை வீழ்த்தினாலே பாலுவின் முதல் வேலைச் சம்பளமான 3 ரூபாய் வந்துவிடும். இன்றைய அலுவலக பாஷையில் சொன்னால் இது ஒரு இன்சென்டிவ்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு எல்லை இருந்தது. புனே கிளப்பில் பாலு நூற்றுக்கணக்கான மணி நேரம் பந்து வீசினார். பேட் செய்ய அவருக்கு வாய்ப்பே தரப்படவில்லை. பேட்டிங் எஜமானர்களின் வேலை, பந்து வீசுவது கூலிக்காரர்களின் வேலை என்ற பிரிவு அன்றைய இங்கிலாந்து கிரிக்கெட்டிலேயே இருந்தது. இந்தியாவுக்கு வந்தபோது அதன் மேல் நிறமும் சாதியும் ஏறிக்கொண்டன.

மைதானத்தில் ஒரே பந்து, வெளியே தனிக் குவளை

பாலுவின் பெயர் புனே முழுக்கப் பரவியது. ஐரோப்பியர்களை ஜெயிக்கத் துடித்துக்கொண்டிருந்த புனே இந்துக்களின் கிளப்புக்கு இப்போது ஒரு சங்கடம். ஊரிலேயே சிறந்த பந்துவீச்சாளர் கண்ணெதிரே இருக்கிறார். ஆனால் அவர் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர். சேர்ப்பதா, வேண்டாமா?

கிளப்புக்குள் கருத்து இரண்டாகப் பிரிந்தது. தெலுங்கு பேசும் உறுப்பினர்கள் சிலர் சேர்க்கலாம் என்றார்கள். உள்ளூர் மராத்தி பிராமண உறுப்பினர்கள் சிலர் எதிர்த்தார்கள். பாலுவை ஒதுக்கினால் நஷ்டம் இந்துக்களுக்குத்தான் என்று கிரெய்க்கே வெளிப்படையாகச் சொன்னார். கடைசியில் பாலு சேர்க்கப்பட்டார். நியாயம் என்பதற்காக அல்ல, ஜெயிக்க வேண்டும் என்பதற்காக.

சேர்த்த பிறகு வந்த ஏற்பாடு விசித்திரமானது. மைதானத்துக்குள் எல்லோரும் தொட்ட பந்தை பாலுவும் தொட்டார். பாலு தொட்ட பந்தை மற்றவர்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்தால் கதை மாறும். மற்றவர்கள் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் குடிப்பார்கள். பாலுவுக்கு வெளியே, குடித்ததும் தூக்கிப்போடும் மண் குவளையில். சாப்பாடு தனித் தட்டில், தனி இடத்தில். தமிழ்நாட்டு டீக்கடைகளின் இரட்டைக் குவளை முறையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அவருடைய பந்துவீச்சில் புனே இந்துக்கள் ஜெயித்துக்கொண்டே போனார்கள். சதாராவில் வெள்ளையர்கள் மட்டும் இருந்த ஜிம்கானாவோடு நடந்த ஆட்டம் அதில் ஒன்று. பாலுவின் சுழல் எடுபடாமல் செய்ய பிட்ச்சை ஒரு வாரம் உருட்டிக் கெட்டியாக்கி வைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அப்படியும் அவர் 7 விக்கெட்டுகளைச் சாய்த்தார். வெற்றிக்குப் பிறகு சீர்திருத்தவாதியும் நீதிபதியுமான எம்.ஜி.ரானடே, கூட விளையாட முடிகிறவர்களுக்குக் கூட உட்கார்ந்து சாப்பிடவும் முடிய வேண்டும் என்று மற்ற வீரர்களுக்கு எடுத்துச் சொன்னார்.

பம்பாய்: ஏறுமுகம்

1890களின் பிற்பகுதியில் புனேவில் பிளேக் பரவியது. பாலுவின் குடும்பம் பம்பாய்க்கு வந்தது. ரயில்வேயில் வேலை கிடைத்தது. பம்பாய் பரோடா மற்றும் மத்திய இந்திய ரயில்வே அணிக்கு ஆடினார். இந்து ஜிம்கானாவிலும் இடம் கிடைத்தது. அங்கேயும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஆனால் புனேவைவிட பம்பாய் கொஞ்சம் இளகிய ஊர். போகப் போக சக வீரர்களோடு ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடும் நிலை வந்தது.

அப்போதைய பெரிய ஆட்டங்கள் மத அடிப்படையில் நடந்தன. 1892 முதல் ஐரோப்பியர்களும் பார்சிகளும் மோதிக்கொண்டிருந்தார்கள். 1906 பிப்ரவரியில் இந்துக்கள் ஐரோப்பியர்களை எதிர்த்து ஆடினார்கள். வங்கப் பிரிவினை நடந்து சில மாதங்களே ஆன நேரம். சுதேசி இயக்கம் சூடு பிடித்திருந்தது. ஒரு கிரிக்கெட் ஆட்டம் அதற்கு மேலான விஷயமாக மாறுவதற்கு அது போதும்.

இந்துக்கள் 242, 160. ஐரோப்பியர்கள் 191, 102. இந்துக்கள் 109 ரன்னில் ஜெயித்தார்கள். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து பாலு 8 விக்கெட். தம்பி சிவராமும் அதே அணியில் இருந்தார். ஆளும் இனத்தை ஆளப்படுபவர்கள் தோற்கடித்த செய்தி ஊரெங்கும் பேசப்பட்டது. பாலுவோடு மற்ற இந்து வீரர்கள் சேர்ந்து சாப்பிட்டதை சமூக சீர்திருத்தப் பத்திரிகை ஒன்று அந்த வெற்றியைவிடப் பெரிய செய்தியாகப் பார்த்தது.

பதிவேட்டில் உள்ள ஓட்டை

இந்த இடத்தில் தரவுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாலுவின் முதல்தர ஆட்டக் கணக்கு 1905-06 பருவத்தில்தான் தொடங்குகிறது. அதாவது, அவருக்கு 29 வயதில்.

ஒரு பந்துவீச்சாளரின் நல்ல காலம் பெரும்பாலும் இருபதுகளிலேயே தொடங்கிவிடும். பாலுவின் இருபதுகள் முழுக்க புனே வலைகளிலும், சின்ன கிளப் ஆட்டங்களிலும், ரயில்வே ஆட்டங்களிலும் கழிந்தன. கிரெய்க்கை எத்தனை முறை வீழ்த்தினார் என்பதற்கு ஸ்கோர் கார்டு கிடையாது. எட்டணா கணக்கு எந்தப் புள்ளிவிவர நூலிலும் ஏறவில்லை. எனவே 179 விக்கெட் என்பது அவருடைய முழு வாழ்க்கையின் கணக்கு அல்ல. அவரை அனுமதித்த பிறகு எழுதப்பட்ட கணக்கு மட்டுமே.

தரவு இல்லாத இடத்தில் திறமை இல்லை என்று நினைத்துக்கொள்வது நம் துறையில் சுலபமாக நடக்கும் தவறு. பாலுவின் விஷயத்தில் அந்த ஓட்டை எப்படி வந்தது என்பதாவது தெரிகிறது.

1911: உச்சம்

இங்கிலாந்துக்குப் பயணம் போன முதல் அகில இந்திய அணி 1911-இல் புறப்பட்டது. பார்சி, இந்து, முஸ்லிம் வீரர்கள் இருந்தார்கள். கேப்டன் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். அப்போது அவருக்கு வயது 19. பாலுவுக்கு 35.

அணியாகப் பார்த்தால் பயணம் தோல்விதான். மொத்தம் 23 ஆட்டங்கள். 6 வெற்றி, 15 தோல்வி, 2 டிரா. மகாராஜா சில ஆட்டங்களோடு நிறுத்திக்கொண்டார். விருந்துகளுக்கும் சந்திப்புகளுக்கும் நேரம் போனது. நல்ல வீரரான மிஸ்திரி அவருடைய செயலாளர் என்பதால் அவரும் பல ஆட்டங்களில் இல்லை.

மிச்சம் இருந்த சுமை பாலுவின் இடது தோளில் இறங்கியது. தோளில் வலி இருந்தும் வீசிக்கொண்டே இருந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணிக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 103 ரன்னுக்கு 8 விக்கெட்; அவருடைய வாழ்க்கையின் சிறந்த பந்துவீச்சு அதுதான். லெஸ்டர்ஷயருக்கு எதிராக ஆட்டத்தில் 11 விக்கெட் எடுத்து அணியை ஜெயிக்க வைத்தார். முதல்தர ஆட்டங்களில் இந்திய அணி பெற்ற இன்னொரு வெற்றி சாமர்செட்டுக்கு எதிரானது. ஒரே ஒரு விக்கெட் மிச்சம் இருக்கும்போது கிடைத்த வெற்றி. அதில் சதம் அடித்தவர் தம்பி சிவராம். ஆக, அந்தப் பயணத்தின் இரண்டு முதல்தர வெற்றிகளிலும் பல்வங்கர் குடும்பத்தின் கை இருந்தது.

பயணத்தின் முடிவில் பாலுவின் கணக்கு 114 விக்கெட், சராசரி 18.84. அதில் முதல்தர ஆட்டங்கள் மட்டும் என்றால் 14 ஆட்டங்களில் 75 விக்கெட், சராசரி 20.12.

இந்த எண்களை மொத்தக் கணக்கிலிருந்து கழித்துப் பார்த்தால் ஒரு சுவாரசியமான விஷயம் தெரிகிறது. இந்தியாவில் அவர் ஆடிய 19 முதல்தர ஆட்டங்களில் 104 விக்கெட். சராசரி 12-க்கும் கீழே வருகிறது. ஒரு ஆட்டத்துக்கு எத்தனை விக்கெட் என்று பார்த்தால் இந்தியாவில் சுமார் 5.5, இங்கிலாந்தில் சுமார் 5.4. அதாவது ஊர் மாறியது, பிட்ச் மாறியது, குளிர் வந்தது, தோள் வலித்தது. விக்கெட் எடுக்கும் விகிதம் மட்டும் மாறவே இல்லை. ரன்கள்தான் கொஞ்சம் கூடுதலாகப் போயின.

இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது 1932-இல். அப்போது பாலுவுக்கு வயது 56. டெஸ்ட் வீரர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லாததற்குக் காரணம் இவ்வளவுதான்.

பம்பாய்க்குத் திரும்பியபோது ஒடுக்கப்பட்ட மக்கள் சேர்ந்து அவருக்கு வரவேற்பு கொடுத்தார்கள். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞருக்கு பாலு பெரிய ஹீரோ. அந்த இளைஞர் பீமராவ் அம்பேத்கர்.

கேப்டன் பதவி: பத்தாண்டு இழுபறி

இனி பாலுவின் கிரிக்கெட் வாழ்க்கையின் கசப்பான பகுதி.

1910 முதலே இந்து அணிக்கு பாலுவைக் கேப்டனாக்க வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. அனுபவம், விக்கெட்டுகள், மூப்பு என்று எந்தக் கணக்கில் பார்த்தாலும் அவர்தான் முன்னால் நின்றார். ஆனால் ஒவ்வொரு முறையும் பதவி உயர்சாதி வீரர் ஒருவருக்கே போனது. 1913-இல் எம்.டி.பாய் கேப்டனானார். தனக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்தில், மூத்தவர் என்ற முறையில் இந்தப் பெருமை பாலுவுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று பாயே ஒப்புக்கொண்டார். பதவி பெற்றவரே சொன்ன பிறகும் தேர்வுக் குழு அசையவில்லை.

1920-இல் விஷயம் வெடித்தது. பாலுவுக்கு வயது 44. முதல் ஆட்டத்துக்கான அணியிலிருந்தே அவர் நீக்கப்பட்டார். கேப்டன் பாய்க்கு உடல்நிலை சரியில்லை. அடுத்து யார்? மூத்தவர்கள் சிவராமும் விட்டலும். ஆனால் பதவி அவர்களைத் தாண்டி டி.பி.தேவ்தருக்குப் போனது. தேவ்தர் நல்ல பேட்ஸ்மேன், படித்தவர், புனே பிராமணர். பின்னாளில் அவர் பெயரில் ஒரு கோப்பையே வந்தது. பிரச்சினை அவருடைய திறமை அல்ல. வரிசையைத் தாண்டியது ஏன் என்பதுதான்.

சிவராமும் விட்டலும் அணியிலிருந்து விலகினார்கள். சும்மா விலகவில்லை. தங்கள் சாதியைக் காரணமாக வைத்து நடந்த அவமதிப்பு இது என்று பத்திரிகைகள் வழியாகப் பொது அறிக்கை விட்டார்கள். இன்றைக்கும் ஒரு விளையாட்டு வீரர் இப்படிச் செய்யத் துணிச்சல் வேண்டும். 1920-இல் செய்திருக்கிறார்கள்.

காலமும் அவர்களுக்குச் சாதகமாக இருந்தது. காந்தியின் ஒத்துழையாமை இயக்கம் எழுந்துகொண்டிருந்தது. அந்த டிசம்பரில் நாக்பூரில் கூடிய காங்கிரஸ் மாநாடு தீண்டாமையை ஒழிக்க வேண்டும் என்று இந்துக்களைக் கேட்டுக்கொண்டது. தேசம் முழுக்க இப்படிப் பேசும்போது, இந்து அணி மட்டும் வேறு மாதிரி நடந்தால் பதில் சொல்லியாக வேண்டும். பொதுமக்களின் ஆதரவும் சகோதரர்கள் பக்கம் திரும்பியது.

பார்சிகளுக்கு எதிரான அடுத்த ஆட்டத்துக்கு ஒரு சமரசம் வந்தது. பாய் கேப்டனாகத் திரும்பினார். சகோதரர்கள் அணிக்குத் திரும்பினார்கள். பாலு துணைக் கேப்டன். ஆட்டத்தின் நடுவே பாய் வெளியேறியபோது கொஞ்ச நேரம் பாலு அணியை நடத்தினார். அவருடைய கிரிக்கெட் வாழ்க்கையில் கேப்டன் நாற்காலிக்கு மிக அருகில் வந்த நேரம் அதுதான். அந்தப் பருவத்தோடு அவருடைய முதல்தர ஆட்டக் கணக்கு முடிகிறது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1923-இல், விட்டல் இந்து அணியின் கேப்டனாக அறிவிக்கப்பட்டார். அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் ஐரோப்பியர்களை இந்துக்கள் தோற்கடித்தார்கள். விட்டலை ரசிகர்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். 1923 முதல் 1926 வரை அவர் கேப்டனாக இருந்த நான்கு ஆண்டுகளில் மூன்று முறை கோப்பை இந்துக்களுக்கு. அண்ணன் தட்டிக்கொண்டே இருந்த கதவு தம்பிக்குத் திறந்தது.

அரசியல்: ரசிகருக்கு எதிராகத் தேர்தல்

பாலுவின் கதை இங்கே முடிந்திருந்தால் சொல்வதற்குச் சுலபமாக இருந்திருக்கும். முடியவில்லை.

1932-இல் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தனி வாக்காளர் தொகுதி தரும் அறிவிப்பை பிரிட்டிஷ் அரசு வெளியிட்டது. அம்பேத்கர் அதை விரும்பினார். காந்தி எதிர்த்து எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான புனே ஒப்பந்தம் தனித் தொகுதியைக் கைவிட்டு, பொதுத் தொகுதியில் 148 இடங்களை ஒதுக்கியது. அதில் சென்னை மாகாணத்துக்கு 30.

அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த இரண்டு பெயர்கள் இருக்கின்றன: இரட்டைமலை சீனிவாசன், எம்.சி.ராஜா. இன்னொரு கையெழுத்து பி.பாலு. பிட்ச்சைப் பெருக்கிய அதே புனேவில், 40 ஆண்டுகளுக்குப் பிறகு, நாட்டின் எதிர்காலத்தைப் பற்றிய ஒரு காகிதத்தில் அவர் கையெழுத்து.

எம்.சி.ராஜாவைப் போலவே பாலுவும் கூட்டுத் தொகுதியை ஆதரித்தார். அம்பேத்கரின் வழியில் போகவில்லை. 1933-இல் இந்து மகாசபை சார்பில் பம்பாய் மாநகராட்சித் தேர்தலில் நின்று தோற்றார். 1937 மாகாணத் தேர்தலில் காங்கிரஸ் அவரை நிறுத்தியது. எதிரே சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் தலைவர் அம்பேத்கர்.

முடிவு: அம்பேத்கர் 13,245. பாலு 11,225. வித்தியாசம் 2,020 வாக்குகள்.

ஒருகாலத்தில் தன் ஹீரோவாக இருந்தவரை அம்பேத்கர் ஜெயித்தார். பாலு ஏன் அந்தப் பக்கம் நின்றார் என்ற கேள்வி இன்றும் விவாதிக்கப்படுகிறது. அவரை காங்கிரஸ் பயன்படுத்திக்கொண்டது என்பது ஒரு வாதம். அவருடைய வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் இன்னொரு விளக்கமும் சாத்தியம். மெதுவாக, ஒவ்வொரு படியாக, இந்து அணிக்குள்ளேயே இருந்து வென்ற அனுபவம் அவருடையது. மண் குவளையிலிருந்து பொதுப் பந்திக்கு வந்தவர். தம்பி கேப்டன் ஆனதைக் கண்ணால் பார்த்தவர். உள்ளே இருந்தே மாற்ற முடியும் என்று அவர் நம்பியதில் ஆச்சரியம் இல்லை.

அம்பேத்கர் அதே வாழ்க்கையை வேறு மாதிரி படித்திருக்கலாம். இவ்வளவு விக்கெட் எடுத்த ஒருவருக்கே இவ்வளவு காத்திருப்பு என்றால், விக்கெட் எடுக்க வாய்ப்பே இல்லாத லட்சக்கணக்கானவர்கள் எத்தனை காலம் காத்திருப்பது? ஒரே தரவு, இரண்டு முடிவுகள். இரண்டு பேரிடமும் காரணம் இருந்தது.

மறக்கப்பட்டதும் நினைக்கப்பட்டதும்

1955 ஜூன் 1 அன்று தீண்டாமையைக் குற்றமாக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதம், ஜூலையில், பாலு பம்பாயில் காலமானார்.

அதன் பிறகு நீண்ட காலம் அவர் பெயர் பொதுவெளியில் அதிகம் கேட்கவில்லை. டெஸ்ட் ஆடாதவர், வீடியோ கிடையாது, மத அடிப்படையில் நடந்த ஆட்டங்களும் 1940களோடு நின்றுபோயின. தம்பி விட்டல் 1948-இல் மராத்தியில் எழுதிய சுயசரிதை பல விவரங்களைக் காப்பாற்றி வைத்திருந்தது. 2002-இல் வெளிவந்த ராமச்சந்திர குஹாவின் கிரிக்கெட் வரலாற்று நூல் அவரை மறுபடியும் எல்லோருக்கும் அறிமுகப்படுத்தியது. இன்று இந்திய கிரிக்கெட்டில் சாதியைப் பற்றிய எந்த விவாதமும் பாலுவிடமிருந்துதான் தொடங்குகிறது.

சரி, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். திறமை இருந்தால் மற்றதெல்லாம் வருமா?

பாலுவின் கணக்கு சொல்வது இதுதான். திறமை அவரை அணிக்குள் கொண்டுவந்தது. காரணம், அவர் இல்லாமல் ஜெயிக்க முடியாது. உழைப்பு தேவைப்பட்ட இடத்திலெல்லாம் கதவு திறந்தது: வலைப்பயிற்சிக்கு, சதாரா பிட்ச்சுக்கு, 23 ஆட்டங்கள் கொண்ட இங்கிலாந்து பயணத்துக்கு. அதிகாரம் கைமாற வேண்டிய இடத்தில் மட்டும் விக்கெட் எண்ணிக்கை எடுபடவில்லை. அங்கே இரண்டு வீரர்கள் வெளியேறி, காரணத்தைப் பெயர் சொல்லி அறிக்கை விட்டு, ஊர் கேள்வி கேட்ட பிறகுதான் கதவு கொஞ்சம் அசைந்தது.

பாலுவின் பக்கத்தை இன்று எந்த கிரிக்கெட் இணையதளத்தில் திறந்தாலும் ஆட்டங்கள், விக்கெட்டுகள், சராசரி எல்லாம் வரிசையாக வரும். தேநீரை எதில் குடித்தார் என்பதற்கு அங்கே ஒரு கட்டம் இல்லை. புனேவில் கிரெய்க்கை எத்தனை முறை வீழ்த்தினார் என்பதற்கும் இல்லை. 33 ஆட்டங்கள், 179 விக்கெட்டுகள் என்ற வரியைப் படிக்கும்போது, அந்தக் கணக்கு அவருடைய 29-வது வயதில்தான் தொடங்குகிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.